பழிக்கூலி

மரத்துக்கு விலை பேசப் போகிற இடத்தில் மல்சுன் மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். அவள் கண் தரையிலேயே இருக்கும். அடியில் ஓட்டுக்கூரை இருக்கிறதா, சோயா விழுது ஊறும் ஜாடிகள் வரிசை கட்டி நிற்கின்றனவா, யாருடைய முப்பாட்டன் சமாதியாவது மேடு தட்டிக் கிடக்கிறதா, கரண்டுக் கம்பி எந்தப் பக்கமாகப் போகிறது, கிரேன் வண்டி உள்ளே வர வழி உண்டா என்று வெயில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றி வருவாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பாள்.

"மரம் சும்மாதாங்க. அது விழுற எடத்துக்குத்தான் காசு."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். தொகையைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும்.

அவள் புருஷன் ஜுங்தே நேர் எதிர். போனதும் அண்ணாந்து பார்ப்பார். அடிமரத்தில் உள்ளங்கையை வைத்து, "இதுக்கு எவ்வளவு வயசிருக்கும்?" என்று ஆரம்பித்துவிட்டால் போதும், வீட்டுக்காரர் ஊற்றிக்கொடுக்கிற அரிசிக் கள்ளுக்கு மயங்கிப் பாதிக் காசுக்கு ஒத்துக்கொண்டு வந்துவிடுவார். கல்யாணமான புதிதில் அப்படி ஒத்துக்கொண்டு வந்து, அறுத்த மரம் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் விழுந்து, கொட்டகைக்கும் மாட்டுக்குமாக ஒரு வருஷ உழைப்பைக் கொட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஏறுவது அவர் வேலை, விலை பேசுவது இவள் வேலை என்று ஆகிப்போனது. "மகாராணி சொன்னா சரிதான்" என்று அவர் ஒதுங்கிக்கொள்வார்.

மல்சுன் ஆறு பெண்களில் கடைசி. இதோடு பெண் போதும் சாமி, அடுத்ததாவது பையனாக வரட்டும் என்று 'கடைசி' என்கிற அர்த்தத்தில் வைத்த பெயர் அது. பையன் வரவில்லை. வீட்டில் யாரும் எதிர்பார்க்காத பிள்ளையாக வளர்ந்ததாலோ என்னவோ, எதற்கும் தனக்குரிய விலையைக் கேட்டு வாங்குவதில் அவளுக்கு ஒரு வெறியே இருந்தது. சந்தையில் முள்ளங்கி வாங்கினால்கூட இலையைத் தனியாக எடை போட்டுக் கழிக்கச் சொல்வாள்.

ஏறுகிறவரோடு கூடவே போய்க் கயிறு பிடிப்பதும் அவள்தான். மேலே அறுபடும் கிளையைக் கட்டிய கயிறு ஒரு கவட்டையில் ஏறி இறங்கி, பக்கத்து மரத்தடியில் மாட்டிய இரும்பு உருளையில் சுற்றிக்கொண்டு அவள் கைக்கு வரும். வெடுக்கென்று நிறுத்தினால் மேலே இருக்கிறவரை உலுக்கிவிடும். விட்டுவிட்டால் கூரை போச்சு. இத்தனை வருஷப் பழக்கத்தில் ரம்பம் மரத்துக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கயிற்றின் அதிர்விலேயே தெரிந்துகொள்வாள். அவர் களைத்துப்போனாலும் தெரியும். "எறங்கி வந்து கொஞ்சம் மூச்சு வாங்குங்க" என்று கீழே இருந்தே கத்துவாள்.

சில மரங்களுக்கு அவள் இன்னொரு தொகையும் கேட்பாள். ஊர் வாசலில் நிற்கிற காவல் மரத்தில் கை வைத்தவன் வீட்டில் சாவு விழும் என்பதை இந்த அன்தோங் மலைப்பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷத்தின் முதல் பௌர்ணமிக்குப் படையல் வாங்குகிற மரம் அது. செத்து உளுத்து ஊரின் தலைமேலேயே விழப்போகிறது என்றாலும், 'வெட்டு' என்று தன் வாயால் சொல்ல ஒருவனுக்கும் துணிச்சல் வராது. தலைநகரம் சியோலில் பெரிய வேலை பார்க்கிற பிள்ளைகள்கூட அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது மல்சுன் சொல்வாள்: "மரத்தோட பழிய நாங்களே ஏத்துக்கிறோம். அதுக்குத் தனியா குடுத்துருங்க."

அதற்குப் பெயர் பழிக்கூலி. கிரேன் வாடகைக்கு மல்லுக்கட்டுகிறவர்கள், கூலியில் பத்தில் ஒரு பங்கு குறைக்கச் சொல்கிறவர்கள், இந்தக் காசை மட்டும் வெள்ளை உறையில் போட்டு, இரண்டு கையாலும் குனிந்து கொடுத்துவிடுவார்கள். லாரியில் திரும்பும்போது அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"இல்லாத சாமிக்குப் பேசாம குடுத்துர்றானுங்க. இருக்குற மனுசன் ஏறுறதுக்குத்தான் பேரம் பேசுறானுங்க."

"பாவம், பயம்" என்பார் ஜுங்தே.

"பயந்தா பயப்படட்டும். பன்னிக்கறி திங்கலாமா?"

பழிக்கூலி வந்த நாளெல்லாம் அவர்கள் வீட்டில் கறி வாட்டுகிற வாசனை வரும். சாமி பெயரைச் சொல்லி இன்னொரு தட்டு என்று ஜுங்தே கேட்டு வாங்கித் தின்பார்.

அந்த வருஷம் வசந்த காலத்தில் அவருக்கு இடது தோள் போய்விட்டது. கை காதுக்கு மேலே எழும்பவில்லை. காலையில் அவள் அவர் தோளில் மருந்துப் பட்டை ஒட்டிவிடுவாள், சாயங்காலம் உரித்து எடுப்பாள். அறுவைச் சிகிச்சை செய்தால் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். அதற்கு ஆகிற செலவையும் சொன்னார். அறுபத்தோரு வயது ஆளை இனி உளுத்த மரத்தில் ஏற்றுவதில்லை, கிரேன் வந்தால் வேலை, வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அன்றைக்கே மல்சுன் முடிவு செய்துவிட்டாள். அந்த முடிவில் மட்டும் அவள் நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியே இருந்திருக்காது.

ஆகஸ்ட் கடைசியில் பம்கோல் என்கிற ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். தெற்கே பெரிய புயல் கிளம்பியிருக்கிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்த ஊர்க் காவல் மரம், நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பெரிய நுட்டி மரம், ஊர்க்கூடத்தின் மேல் சாய்ந்துகொண்டு நின்றது. பகலெல்லாம் வயசானவர்கள் கூடிச் சமைத்துச் சாப்பிட்டுச் சீட்டாடும் கூடம். முந்தின மழையில் ஒரு கிளை முறிந்து சமையல்கட்டுக் கூரையின் ஒரு மூலையைக் கொண்டுபோயிருந்தது.

மல்சுன் வழக்கம்போல் இரண்டு சுற்று வந்தாள். பிறகு மரச்சுத்தியலை எடுத்து அடிமரத்தைத் தட்டிக்கொண்டே போனாள். ஒரு பக்கம் நல்ல மரம் 'டக் டக்' என்று பதில் சொன்னது. மறுபக்கம் தலையணையைத் தட்டுவது மாதிரி 'பொத் பொத்' என்றது. எப்போதோ உள்ளே உளுத்த பாகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மஞ்சள் நுரையை அடைத்து, மேலே பட்டை மாதிரியே பூசிவிட்டிருக்கிறார்கள். மரத்துக்கு வைத்தியமாம். பொய்ப்பட்டைக்குக் கீழே நிஜ மரம் ஒரு சாண் இருக்கிறதா, ஒரு விரற்கடை இருக்கிறதா என்று எந்தச் சுத்தியலும் சொல்லாது. ஜுங்தே அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

கூடத்தில் தர்ப்பூசணி வெட்டி, அரிசிக் கள்ளும் ஊற்றி வைத்திருந்தார்கள். ஊர்த்தலைவர் தோ சங்மான் மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். எழுபதை நெருங்கும் மனிதர், பேச்சில் சர்க்கரை. சுற்றி ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்.

"இந்த மரத்துல மனுசன் ஏறக்கூடாது தலைவரே" என்றாள் மல்சுன். "வயித்துக்குள்ள முழுக்க நொரை. கிரேன் வந்து மேல இருந்து தூக்கித் தூக்கித்தான் அறுக்கணும்."

"வரட்டும். வேண்டாம்னு சொன்னேனா?"

"வர்றதுக்கு வழி ஒண்ணுதான் இருக்கு. பின்னாடி மிளகாத் தோட்டத்துக்குள்ள எறங்கித்தான் வரணும்."

ஒரு கிழவர் தர்ப்பூசணி விதையை மெதுவாகத் துப்பினார். மிளகாய்த் தோட்டம் யாருடையது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே காய்கள் சிவந்து தொங்கிக்கொண்டிருந்தன.

தலைவர் தொண்டையைச் செருமினார். "இப்பத்தாம்மா பழுக்க ஆரம்பிச்சிருக்கு. பறிப்பு முடியட்டும், நானே வரப்ப வெட்டி வழி விடுறேன்."

"புயல்கிட்டச் சொல்லி நிறுத்தி வைங்க அப்ப."

ரெண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் பேரு இந்த மலை பூரா தெரியுமே. அவர் ஏறாத மரமா?"

"அவருக்குத் தோள் செத்துப்போச்சு. மிளகாய்க்கு நஷ்டம் எவ்வளவுன்னு சொல்லுங்க, ஊர்ல வசூல் பண்ணிக் குடுத்துரச் சொல்லுங்க. நான் என் கூலியக் கொறச்சுக்கிறேன்."

இதைவிட நியாயமாக ஒருத்தி பேச முடியாது. ஆனால் மிளகாய்க்கு வசூல் என்றதும் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தார்கள். தலைவரிடம் போய் உன் மிளகாய்க்கு இவ்வளவுதான் என்று யார் சொல்வது? கொடுத்துவிட்டு நாளைக்கு உர மானியத்துக்கு அவர் வாசலில் யார் நிற்பது? மல்சுன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அப்போதுதான் தலைவர் மனைவி உள்ளே போய் ஒரு வெள்ளை உறையைக் கொண்டுவந்து தலைவர் கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து மல்சுன் முன்னால் வைத்தார்.

"பழிக்கூலி. வழக்கமா நீங்க வாங்குறதுல ரெண்டு பங்கு. இருபது லட்சம் வொன். வேலைக்கூலி தனி."

டாக்டர் சொன்ன தொகையும் கிட்டத்தட்ட அதேதான். மல்சுன் நின்றபடியே உறையைப் பார்த்தாள். மழையில் இரண்டு மாதமாக வேலை இல்லை. இந்த ஒரு மரம் முடிந்தால் தோளைச் சரி செய்துவிடலாம், அப்புறம் அவர் எந்த மரத்திலும் ஏறவேண்டாம் என்று மனசு கணக்குப் போட்டது. மனசு போடுகிற கணக்கில் எப்போதும் விடை முதலில் வந்துவிடும்.

"என்ன சொல்றீங்க?" என்று புருஷனைக் கேட்டாள்.

"மகாராணி சொன்னா சரிதான்" என்றார் அவர். குடித்து முடித்த கள்ளுக் கிண்ணத்தை உறையின் மேல் வைத்து அழுத்தினார். ஈரம் வட்டமாக உறையில் பதிந்தது. "நல்ல பக்கமா ஏறி, கொஞ்சம் கொஞ்சமா எறக்கிரலாம். நீ கயிறு பாத்துக்க."

ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. மிளகாயின் நஷ்டத்தில் பாதிகூட வராது அந்த உறை.

தீங்கில்லாத நாள் ஒன்று பார்த்து வைத்தார்கள். வீடு மாறுவதானாலும் மரம் வெட்டுவதானாலும் கெட்ட காற்றுகள் ஊரில் இல்லாமல் மேலே போயிருக்கும் நாளாகப் பார்த்துத்தானே செய்கிறோம். காலையிலேயே மரத்தடியில் வேகவைத்த பன்றித்தலை, காய்ந்த மீன், அரிசி அப்பம், கள் எல்லாம் படைத்தாகிவிட்டது. ஒவ்வொருவராக வந்து விழுந்து கும்பிட்டுவிட்டு, பன்றியின் வாயில் காணிக்கையாக ஒரு வொன் தாளைச் செருகிவிட்டு, மரத்தைவிட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் நின்றுகொண்டார்கள்.

கடைசியாக ஒரு சடங்கு பாக்கி. அந்தக் காலத்தில் அரண்மனைக்கு மரம் வெட்டப் போனவர்கள் கோடரியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் ஒரு தட்டுத் தட்டி, "அரசாணை!" என்று கூவுவார்களாம். வெட்டச் சொன்னது ராஜா, நான் வெறும் கைதான், கோபம் இருந்தால் அங்கே போய்க் காட்டு என்று அர்த்தம். ராஜா போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது, கூவல் மட்டும் போகவில்லை. ராஜா இருந்த இடத்தில் இப்போது யார் பெயரைச் சொல்வது என்பதுதான் ஊருக்கு ஊர் தகராறு.

ஜுங்தே கோடரியை எடுத்துக்கொண்டு திரும்பினார். "தலைவரே, யாரு ஆணைன்னு கூவட்டும்? உங்க பேரச் சொல்லவா?"

"எம் பேரா? நல்லா இருப்பே! எம் மருமக இப்பத்தான் பிள்ளை பெத்துப் படுத்திருக்கா."

"அப்ப ஊர் ஆணைன்னு கூவிரட்டுமா?"

பெண்கள் பக்கமிருந்து கூச்சல் கிளம்பியது. "ஊருன்னா நாங்களும்தானே! வேண்டாம் வேண்டாம்!"

"அதான் கூலி வாங்கியாச்சில்ல, நீங்களே பாத்து ஏதாச்சும் சொல்லிக்கங்க" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

ஜுங்தேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மல்சுன் பக்கம் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "எனக்குன்னு இருக்குறது ஒரே ஒரு மகாராணிதானப்பா." கோடரியால் அடிமரத்தை ஓங்கித் தட்டினார். தலையணைச் சத்தம் கேட்டது.

"மகாராணி மல்சுன் ஆணை!"

ஊரே கொல்லென்று சிரித்தது. மல்சுனும் சிரித்தாள். கையை ஓங்கிக் காட்டி, "கீழ எறங்கி வாங்க, வச்சுக்கிறேன்" என்றாள். அவரிடம் அவள் முகம் பார்த்துப் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

வலது கையால் இழுத்து, இடது கையைச் சும்மா துணைக்கு வைத்து அவர் ஏறினார். ஆனாலும் வேலை நன்றாகத்தான் போனது. மதியத்துக்குள் கூடத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்த மூன்று கிளைகளும் கயிற்றில் ஆடி ஆடி, ஓர் ஓட்டைக்கூடத் தொடாமல் தரைக்கு வந்துவிட்டன. ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். தலைவர் தானே வந்து அவளுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடிப்போனார்.

நாலாவது கிளைக்காக ஜுங்தே இன்னும் மேலே போய் நடுமரத்தில் தன் இடுப்புப் பட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். ரம்பம் பாதி இறங்கியிருக்கும். கயிற்றில் வந்துகொண்டிருந்த அதிர்வு மாறியது. ரம்பம் கடிக்கும்போது வருகிற துடிப்பு இல்லை இது. பெரிதாக ஏதோ ஒன்று மெதுவாக இளகிக் கொடுக்கிற அசைவு.

"ஏங்க! நிறுத்துங்க! எறங்குங்க!"

ரம்பத்தின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. பொய்ப்பட்டை மேலிருந்து கீழாக வாய் பிளந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் நுரை துண்டு துண்டாகக் கொட்டியது. உள்ளே விரற்கடை மரம்தான் இருந்திருக்கிறது. நடுமரம் பாதியாகக் கிழிந்து, அதில் கட்டியிருந்த ஜுங்தேயோடு கூடத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது. மல்சுன் கயிற்றை விடவில்லை. விட்டிருந்தாலும் ஒன்றுதான், பிடித்திருந்ததும் ஒன்றுதான். உள்ளங்கைத் தோல் உரிய உரியக் கயிறு ஓடிக்கொண்டே இருந்தது.

கூடத்துக்கு ஒரு சேதமும் இல்லை. ஜுங்தே மிளகாய்த் தோட்டத்தில் கிடந்தார். அவள் ஓடிப்போய்ச் சேரும்போது கண் திறந்திருந்தது, உயிர் இல்லை. ஆம்புலன்ஸ் செடிகளை நசுக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கித்தான் வந்தது. அப்போது யாரும் தடுக்கவில்லை.

புயல் கரைக்கு வரவில்லை. கிழக்குக் கடல் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டது. அன்றிரவு பம்கோலில் காயப்போட்ட துணிகூடப் பறக்கவில்லையாம். பாதி கிழிந்த மரம் அப்படியே நின்றது.

கருமாதி முடிந்து மல்சுன் ஊர்க்கூடத்துக்குப் போனாள். தேகு நகரத்தில் கல்யாணம் செய்துகொடுத்திருந்த ஒரே மகள் ஹேரான் வற்புறுத்தி அனுப்பியிருந்தாள். ஊர் வேலைக்குப் போய்ச் செத்தவருக்கு ஊர் ஏதாவது பார்த்துச் செய்யாதா என்பது அவள் எண்ணம். தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். கண்ணீர்கூட விட்டார். ஆனால் பேச்சு அந்த இடத்துக்கு வந்ததும் மென்று முழுங்கினார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. தினக்கூலிக்கு வந்த ஆளுன்னா அது வேற. வெலை பேசி ஏத்துக்கிட்டீங்க. பழியையும் சேத்துத்தானே ஏத்துக்கிட்டீங்க? ஒண்ணுக்கு ரெண்டா குடுத்தோமா இல்லையா?"

"பழியா?" என்றாள் மல்சுன். "நொரை தலைவரே. உள்ள நொரை. ஏறக்கூடாதுன்னு இதே எடத்துல ஒக்காந்து நான் சொல்லல? கிரேனுக்கு வழி விட்டிருந்தா அவர் இன்னைக்கு சோறு தின்னுட்டிருப்பாரு."

"இருக்கலாம். ஆனா உங்க வீட்டுக்காரரே கூவுனாரே, மகாராணி ஆணைன்னு. ஊரே கேட்டுச்சு." தலைவர் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. மனசார நம்பிச் சொன்னார். கிழவிகள் இரக்கத்தோடு தலையை ஆட்டினார்கள். மரத்தின் பழி யாரிடம் போகவேண்டுமோ சரியாக அவர்களிடம் போய்விட்டது, நம் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்கிற ஆறுதல் அந்தக் கூடம் முழுக்க இருந்தது.

இத்தனை வருஷமாக இல்லாத ஒன்றை விற்றுக் கறி தின்றவள் எந்த வாயால் இப்போது அது இல்லை என்று சொல்வாள்?

வீட்டில் தனியாக இருந்த நாட்களில் அந்த ஒரு கூவல்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏறு என்று சொன்னது யார்? அவள்தான். உறையைப் பார்த்துக் கணக்குப் போட்டது யார்? அவள்தான். நுரைதான் கொன்றது என்று பகலில் சொல்லிக்கொள்வாள். இருட்டினால் அந்தச் சமாதானம் நிற்காது. மருந்துப் பட்டை ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. அதன் வாசனைக்காக ஒன்றை உரித்துத் தன் தோளிலேயே ஒட்டிக்கொண்டு படுப்பாள். உறை அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. அந்தக் காசில் ஒரு வேளை சோறுகூட இறங்காது என்று அவளுக்குத் தெரியும்.

அக்டோபர் கடைசியில் அதை எடுத்துக்கொண்டு பம்கோலுக்குப் பஸ் ஏறினாள். இறங்கியதுமே வானம் அகலமாகத் தெரிந்தது. காவல் மரம் இல்லை. மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கிப்போட்ட வெற்று நிலத்தில் கிரேன் வண்டியின் சக்கரத் தடம் இரண்டு, கூடத்துப் பின்பக்கம் வரைக்கும் போய்த் திரும்பியிருந்தது. டவுனிலிருந்து வந்தவர்கள் அரை நாளில் வேலையை முடித்துவிட்டுப் போனார்களாம். ஒருவரும் ஏறவில்லை, யாரும் எதுவும் கூவவுமில்லை. அவள் அந்தத் தடத்திலேயே நடந்து கூடத்துக்குப் போனாள்.

உள்ளே பெண்கள் வெதுவெதுப்பான தரையில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மல்சுன் உறையை நடுவில் வைத்தாள்.

"இத நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வேண்டாம். பழியும் உங்களோடதுதான், காசும் உங்களோடதுதான்."

சுடுதண்ணீர் கொட்டிய மாதிரி எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். சீட்டுகள் அப்படியே கிடந்தன. "அத எடும்மா, அத இங்க வைக்காத" என்றாள் ஒருத்தி. "குடுத்தது குடுத்ததுதான்" என்றாள் இன்னொருத்தி. தலைவர் மனைவி மட்டும் உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மல்சுன் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். ஜுங்தே போன பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளுக்கு மூச்சு முழுசாக இறங்கியது. பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கூடப் போனாள்.

அதற்கு அடுத்த வாரம் அவள் வாசலில் ஒரு பெரிய மூட்டை காய்ந்த மிளகாய் வந்து இறங்கியது. தலைவர் மனைவி அனுப்பியிருந்தாள். கொண்டுவந்த லாரிக்காரர் சொன்னார்: "இந்த வருசக் குளிர்காலத்து கிம்ச்சிக்கு வச்சுக்கச் சொன்னாங்க அக்கா. எதையும் மனசுல வச்சுக்க வேண்டாமாம்."

மூட்டையின் மேல் கை வைத்துக்கொண்டு மல்சுன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். எந்தத் தோட்டத்து மிளகாய் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஊரில் ஒருத்திக்காவது மனசு இருக்கிறதே, பழி நம்முடையதுதான் என்று ஒருத்தியாவது ஒத்துக்கொண்டாளே என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு ஆறுதலுக்கே அவள் உருகிப்போகிற நிலையில் இருந்தாள்.

கிம்ச்சி போடுவதற்காக ஹேரான் தேகுவிலிருந்து வந்தாள். முட்டைகோஸ் உப்பில் ஊறிக்கொண்டிருந்தது. அம்மாவும் மகளும் தரையில் துணி விரித்து, மிளகாயை ஒவ்வொன்றாகத் துடைத்துக் காம்பு கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரைக்கிற மில் சாயங்காலம் மூடிவிடும்.

"நல்ல மனுசங்கம்மா அவங்க" என்றாள் ஹேரான். "பாரு, ஒண்ணுகூடச் சொத்தை இல்ல. கலரப் பாரு."

"ம்."

"நீதான் எல்லார் மேலயும் கோவமா இருக்க." தும்மிக்கொண்டே மூட்டையின் அடிவரைக்கும் கையை விட்டாள். "இங்க என்னமோ இருக்கும்மா."

மிளகாய்த் தூசியில் சிவந்துபோன ஒரு வெள்ளை உறையை வெளியே இழுத்தாள். மூலையில் கிண்ணத்தின் அடிப்பாகம் அளவுக்கு வட்டமாக ஒரு கறை.

"காசும்மா! நெறைய இருக்கும்போல. நான் சொல்லல? நேர்ல குடுத்தா நீ வாங்க மாட்டேன்னு உள்ள ஒளிச்சு அனுப்பியிருக்காங்க!" சந்தோஷத்தில் அவள் முகம் மலர்ந்தது. உறையின் வாயைக் கிழிக்க விரலைக் கொடுத்தாள்.

"தொடாதடி!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று மல்சுனுக்கே தெரியவில்லை. பாய்ந்துபோய் மகளின் கையில் ஓங்கி அடித்தாள். உறை மிளகாய்க் குவியலில் விழுந்தது. மகளின் விரல்களைப் பிடித்து, உப்புத் தண்ணீர் இருந்த தொட்டியில் முக்கி முக்கித் தேய்த்தாள்.

"அம்மா, வலிக்குது! என்னம்மா ஆச்சு உனக்கு? உனக்குத்தான் இந்தச் சாமி பூதமெல்லாம் நம்பிக்கையே கிடையாதே!"

மல்சுன் நன்றாகத் தேய்த்துவிட்டு மகளின் கையைத் தன் துணியால் துடைத்துவிட்டாள். பிறகு போய் உறையைத் தானே எடுத்து, மேல்சட்டைக்குள் வைத்து, கழுத்து வரைக்கும் பொத்தானைப் போட்டாள்.

"இது எனக்கு வந்தது" என்றாள். "நீ காம்பக் கிள்ளு. மில்லு மூடிருவான்."